கரண்ட் பில் எகிறிவிட்டதா? காரணத்தை மீட்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை

பில் தொகையைப் பார்த்ததும் பெரும்பாலான வீடுகளில் விசாரணை தொடங்கிவிடும். பாத்ரூம் லைட்டை அணைக்காமல் விட்டது யார், போனை ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டது யார் என்று ஆளாளுக்கு ஒரு குற்றச்சாட்டு. கடைசியில் அது வீட்டில் இருக்கும் வயதானவர்கள் தலையில்தான் விடியும். யாரும் சொல்லாமலேயே அவர்கள் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையில் புரண்டுகொண்டிருப்பார்கள். 75 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் செலவாவது 0.6 யூனிட். 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற ஆவது 0.7 யூனிட். ஒருவர் காலையில் ஒரு வாளி வெந்நீரில் குளிக்கும் செலவில் இன்னொருவர் இரவு முழுக்க நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்தக் கணக்கு கையில் இல்லாததால்தான் சிக்கனத்தைத் தப்பான இடத்தில் பிடிக்கிறோம். பில் ஏன் கூடியது என்று ஊகிக்கவே தேவையில்லை. பில் தாளும் மீட்டரும் ஒரு நோட்டும் இருந்தால் இரண்டு, மூன்று நாளில் காரணம் பிடிபட்டுவிடும். கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிவிட்டு நேராக ஏசியையும் ஃப்ரிட்ஜையும் சந்தேகப்பட்டால் நாள்கணக்கில் அலைவீர்கள்.

படி 1: கூடியது யூனிட்டா, பணமா?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இப்போதைய பில்லையும் போன வருடம் இதே காலத்துக்கு வந்த பில்லையும் எடுங்கள். போன தடவை பில்லோடு ஒப்பிடுவதில் அவ்வளவு பயனில்லை; நடுவில் பருவம் மாறியிருக்கும். வெயில் காலத்தில் ஏசி மட்டுமல்ல, அதே ஃப்ரிட்ஜ்கூடக் கூடுதலாக இழுக்கும். அறைச் சூடு ஏற ஏற அதன் கம்ப்ரசர் அதிக நேரம் ஓடியாக வேண்டும்.

இரண்டு பில்லிலும் மொத்த யூனிட்டை எத்தனை நாளுக்கான பில்லோ அத்தனை நாளால் வகுங்கள். தொகையை மறந்துவிடுங்கள்; ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்பதை மட்டும் பாருங்கள். 

அந்த எண் ஏறக்குறைய மாறாமல் இருந்தால் உங்கள் வீட்டுப் பழக்கத்தில் குற்றம் எதுவும் இல்லை. விலை கூடியிருக்கும், அல்லது பில்லில் வேறு ஏதோ சேர்ந்திருக்கும். கரண்ட் பில் என்பது ஒரே தொகை அல்ல. யூனிட்டுக்கான கட்டணம், யூனிட்டே ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம், வரி, அதற்குப் பிறகு இதர வகைகள் என்று அடுக்கடுக்காக இருக்கும். பழைய பாக்கி, தாமதக் கட்டணம், கூடுதல் டெபாசிட், முந்தைய பில்லில் விட்டுப்போனதைச் சரிக்கட்டும் தொகை எல்லாம் இந்தக் கடைசி வரிகளில்தான் ஒளிந்திருக்கும். ஒரு தடவை மட்டும் வரும் டெபாசிட் தொகையைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் லைட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. பில்லின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்: இது யூனிட்டால் வந்ததா, இல்லையா?

ஒரு நாள் யூனிட் உண்மையிலேயே கூடியிருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். அதற்கு முன்னால் ஸ்லாப் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பில் கொஞ்சம் கூடாமல் ஒரேயடியாகத் துள்ளுவதற்கு இதுதான் பெரிய காரணம்.

பல இடங்களில் யூனிட் கூடக் கூட விலையும் கூடும். இதில் இரண்டு முறை உண்டு. ஒன்றில், எல்லையைத் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கூடுதல் விலை. அதற்குக் கீழே உள்ளவை பழைய விலையிலேயே இருக்கும். இன்னொன்றில், எல்லையைத் தாண்டியதுமே எல்லா யூனிட்டுக்கும் மேல் விலை. இரண்டாவது முறை இருக்கும் இடத்தில் ஒரே ஒரு யூனிட் கூடினாலும் தொகை எங்கோ போய்விடும். சலுகை யூனிட் தரும் இடங்களிலும், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சலுகை முழுவதுமோ ஒரு பகுதியோ பறிபோகலாம். உங்கள் பில்லுக்கு எந்த முறை என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். கட்டண அட்டவணையை எடுத்து இரண்டு விதமாகவும் பெருக்கிப் பாருங்கள். எது பில்லோடு பொருந்துகிறதோ அதுதான்.

பில் நாட்களும் இங்கேதான் விளையாடும். ஒரு நாளைக்கு 6 யூனிட் செலவாகும் வீடு. 30 நாளில் ரீடிங் எடுத்தால் 180 யூனிட். ஆறு நாள் தள்ளி 36-ஆம் நாள் எடுத்தால் 216. ஸ்லாப் எல்லை 200 என்றால், வீட்டில் எதுவுமே மாறாமல் 16 யூனிட் மேல் விலைக்குப் போய்விட்டது. நாட்கள் கூடினால் எல்லையையும் அதற்கேற்ப உயர்த்தித்தான் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் உரிமை. கேட்காமல் விடாதீர்கள்.

படி 2: பில்லில் இருப்பது உங்கள் மீட்டரின் ரீடிங்தானா?

பில்லோடு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். முதலில் மீட்டர் எண். பல வீடுகள் சேர்ந்த கட்டடத்தில் ஒரே பலகையில் வரிசையாக மீட்டர் இருக்கும். ஒருவர் வீட்டு மீட்டர் இன்னொருவர் பெயரில் பதிவாகியிருப்பது அபூர்வமல்ல. எண் பொருந்தினாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்ததும் நீங்கள் உங்களுடையது என்று நினைக்கும் மீட்டர் நிற்க வேண்டும். பக்கத்து மீட்டர் நின்று உங்களுடையது ஓடிக்கொண்டே இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

அடுத்தது, ரீடிங். மின்னணு மீட்டரின் திரை சில நொடிகளுக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே இருக்கும்: தேதி, நேரம், வோல்ட், ஆம்பியர், உச்ச லோடு, மொத்த யூனிட். நமக்கு வேண்டியது கிலோவாட் மணி (kWh, அதாவது யூனிட்) என்ற அலகோடு வரும் எண் மட்டும். புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கத்தையும் சேர்த்துப் படித்தால் கணக்கு பத்து மடங்காகிவிடும். இன்றைய ரீடிங் பில்லில் உள்ள ரீடிங்கைவிடக் கட்டாயம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் பில்லில் தவறு இருக்கிறது. உடனே தேதியும் எண்ணும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, அது எடுத்த ரீடிங்கா, மதிப்பிட்ட ரீடிங்கா? வீடு பூட்டியிருந்தாலோ மீட்டர் பழுதானாலோ சராசரி வைத்துப் பில் போடுவது உண்டு. இரண்டு மூன்று தடவை குறைவான சராசரி போட்டுவிட்டு, அதன் பிறகு உண்மையான ரீடிங் எடுக்கும்போது விட்டுப்போனது எல்லாம் ஒரே பில்லில் வந்து விழும். இப்படி வந்தால், மொத்த யூனிட்டையும் உண்மையில் அது ஓடிய எல்லா நாட்களுக்கும் பிரித்து ஸ்லாப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரே பில் காலத்தில் ஓடியதாக வைத்தால் முழுவதும் மேல் ஸ்லாப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சமீபத்தில் மீட்டர் மாற்றியிருந்தால் பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புது மீட்டரின் தொடக்க ரீடிங் இரண்டும் பில்லில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மீட்டர் மாற்றிய பிறகு பில் கூடிவிட்டது என்று பலர் புது மீட்டரைத் திட்டுவார்கள். வட்டுச் சுழலும் பழைய மீட்டர் தேய்மானத்தால் மெதுவாக ஓடி, பல வருடம் குறைத்துக் காட்டியிருக்கலாம். புதியது சரியாகக் காட்டத் தொடங்கியிருக்கும். எது உண்மை என்பது அடுத்த இரண்டு படிகளில் தெரிந்துவிடும்.

படி 3: எல்லாம் அணைத்த பிறகும் மீட்டர் ஓடுகிறதா?

மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். இதுதான் உங்கள் சாட்சி. வீட்டில் மின்சாரம் அதிகம் போனால் வேகமாக மினுக்கும், குறைந்தால் மெதுவாக.

முதலில் மெயின் ஸ்விட்சை முழுதாக அணையுங்கள். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். விளக்கு மினுக்கக் கூடாது. சில மீட்டர்களில் லோடு இல்லாதபோது அது மினுக்காமல் அப்படியே எரிந்துகொண்டிருக்கும், அது சாதாரணம்தான். மெயின் அணைந்த பிறகும் மினுக்கல் தொடர்ந்தால் ஒன்று மீட்டரில் கோளாறு, இல்லையென்றால் மெயினுக்கு முன்னாலேயே யாரோ லைன் எடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் மின்வாரியத்துக்கு எழுத வேண்டும். மீட்டர் சீலையோ அதற்குள் போகும் ஒயரையோ நீங்கள் தொடவே கூடாது. அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

மினுக்கல் நின்றுவிட்டதென்றால் மெயினைப் போடுங்கள். ஆனால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், பிடுங்க முடியாதவற்றை ஸ்விட்சில் அணையுங்கள். இப்போதும் விளக்கு மினுக்குகிறதா? மறந்துபோன ஏதாவது ஓடலாம்: காலிங் பெல்லின் டிரான்ஸ்ஃபார்மர், தண்ணீர்த் தொட்டி சென்சார், மாடியில் இருக்கும் கேமரா. அப்படி எதுவும் இல்லை என்றால் எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் மண்ணுக்குக் கசிகிறது என்ற சந்தேகம் வருகிறது. எம்சிபிகளை (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனியாக இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்சுகளை) ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போங்கள். எதை இறக்கும்போது மினுக்கல் நிற்கிறதோ அந்த சர்க்யூட்டில்தான் கசிவு. பெரும்பாலும் மோட்டார், கீசர், ஈரம் இறங்கிய சுவர், மொட்டை மாடி ஒயர் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

230 வோல்ட் லைனில் ஒரே ஒரு ஆம்பியர் எர்த்துக்குக் கசிந்தால் 230 வாட். 24 மணி நேரமும் போவதால் நாளுக்கு 5.5 யூனிட். இதில் எனக்குப் பணத்தைவிடப் பெரிய பயம் வேறு. கசிவு இருக்கும் வீட்டில் யாராவது ஈரக் கையோடு தொட்டால் என்ன ஆகும்? 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்தாத வீடாக இருந்தால், இந்த வழிகாட்டியில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் அதை மட்டும் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள். ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதைச் சுற்றிக் குறுக்கே லைன் கொடுக்கச் சொல்லும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இன்னொன்று. சில மின்னணு மீட்டர்கள் பேஸ் (கரண்ட் வரும் ஒயர்), நியூட்ரல் (திரும்பிப் போகும் ஒயர்) இரண்டிலும் போகும் கரண்டை அளந்து, எது அதிகமோ அதையே கணக்கில் எடுக்கும். பக்கத்து வீட்டு நியூட்ரல் உங்கள் நியூட்ரலோடு ஒயரிங்கில் கலந்திருந்தால், அவர்கள் செலவில் ஒரு பங்கு உங்கள் மீட்டரில் ஏறிவிடும். மீட்டரில் எர்த் என்று குறிக்கும் சிறு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: இரவு ரீடிங்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. செலவே இல்லை, ஆனால் எவ்வளவோ சொல்லிவிடும்.

இரவு படுக்கும் முன்னால் ரீடிங் எழுதுங்கள். காலையில் எழுந்ததும், எந்த ஸ்விட்சையும் போடுவதற்கு முன்னால், மறுபடி எழுதுங்கள். இடைப்பட்ட நேரத்தில் ஓடியவை கொஞ்சம்தான் என்பதால் கணக்கு எளிது. இரவில் ஏசி ஓடும் வீடாக இருந்தால் ஒரு நாள் மட்டும் ஏசி இல்லாமல் எடுங்கள்.

தெரிந்த ஒருவர் வீட்டில் இதைச் செய்தோம். இரவு 11 முதல் காலை 6 வரை ஏழு மணி நேரம். இரண்டு ஃபேனுக்கு 1.05 யூனிட், ஃப்ரிட்ஜுக்கு 0.3, இணைய ரவுட்டருக்கு 0.07 என்று மொத்தம் 1.4 வர வேண்டும். மீட்டர் காட்டியது 2.9. அந்த ஒன்றரை யூனிட் எங்கே போனது என்று தேடினால் கீசர் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. சூடானதும் தானாக நின்றுவிடுமே என்று அவர்கள் அதை அணைப்பதே இல்லை. நிற்கும்தான். ஆனால் வெந்நீர்க் குழாயின் வாஷர் தேய்ந்து நூல் மாதிரி தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே மக்கை வைத்துப் பார்த்தோம்: ஒரு லிட்டர் நிரம்ப 12 நிமிடம். மணிக்கு 5 லிட்டர், ஏழு மணி நேரத்தில் 35 லிட்டர் வெந்நீர் சாக்கடைக்குப் போயிருக்கிறது. அதைச் சூடேற்ற மட்டும் 1.2 யூனிட், மீதி, தொட்டியின் சூடு வெளியே கசிவதை ஈடுகட்டியது. 24 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் நாளுக்கு 5 யூனிட், மாதத்துக்கு 150. தேய்ந்திருந்தது ஒரு சின்ன ரப்பர் வாஷர்.

மீட்டர் விளக்கை வைத்து இன்னும் நுணுக்கமாகவும் அளக்கலாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும். 1600 அல்லது 3200 என்பது வழக்கமானது. பத்து மினுக்கலுக்கு எத்தனை நொடி என்று போனில் பாருங்கள். எண்ணத் தொடங்கும் முதல் மினுக்கலைப் பூஜ்யம் என்று சொல்லுங்கள். 3200 மீட்டர் என்றால் 11,250-ஐ அந்த நொடிகளால் வகுங்கள். 1600 என்றால் 22,500-ஐ வகுங்கள். கிடைப்பது அந்த நிமிடத்தில் வீடு இழுக்கும் வாட். பத்து மினுக்கலுக்கு 30 நொடி ஆனால், 3200 மீட்டரில் அது 375 வாட். இப்போது சந்தேகத்துக்குரிய கருவியைப் போட்டு மறுபடி எண்ணுங்கள். வித்தியாசம்தான் அந்தக் கருவியின் உண்மையான இழுவை. பிளக்கில் செருகி அளக்கும் வாட் மீட்டர் கிடைத்தால் இன்னும் வசதி. கீசர், மோட்டார் மாதிரி பிளக் இல்லாதவற்றுக்கு மினுக்கல் கணக்குதான் கைகொடுக்கும்.

படி 5: எது எவ்வளவு தின்கிறது?

ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். இதைப் பலரும் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது, கருவியில் எழுதியிருக்கும் வாட் எப்போதும் ஓடும் வாட் அல்ல என்பது. ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றாலும் சூடேறியதும் அணைந்து அணைந்து எரியும். ஆகவே பட்டியல் போடும்போது ஃப்ரிட்ஜுக்கு லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று இருப்பதை 365-ஆல் வகுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் முதலில் எழுத வேண்டியவை சூடேற்றுபவை, குளிரூட்டுபவை, தண்ணீர் இறைப்பவை. பிறகு 24 மணி நேரமும் செருகியே இருப்பவை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பில்லைத் தூக்கி நிறுத்துவது இந்த இரண்டு கூட்டம்தான்.

வெந்நீருக்கு ஒரு சுலபக் கணக்கு: லிட்டரையும் ஏற்ற வேண்டிய டிகிரியையும் பெருக்கி 860-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். நான்கு பேர் ஆளுக்கு 20 லிட்டர், 30 டிகிரி ஏற்றினால் நாளுக்கு 2.8 யூனிட். எவ்வளவு விலை உயர்ந்த கீசர் வாங்கினாலும் இந்த எண் குறையாது. காயில் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுதும் சூடாகத்தான் மாறுகிறது. நட்சத்திரம் கூடிய தொட்டி கீசரில் மிச்சமாவது, சும்மா இருக்கும்போது வெளியே கசியும் சூடு மட்டுமே. குளிப்பதற்குச் சற்று முன்னால் போட்டு, குளித்ததும் அணைத்து, தெர்மோஸ்டாட்டை இறக்கி வைத்தால் பழைய கீசரிலேயே அந்த மிச்சம் கிடைத்துவிடும்.

ஏசிக்கு அறையும் வெளிச் சூடும் சேர்ந்துதான் விடை சொல்லும். ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் வேகத்தில் சூட்டை வெளியேற்றும். அதற்குச் சாதாரண வகை (இன்வெர்ட்டர் அல்லாதது) ஏறக்குறைய ஒரு கிலோவாட்டோ கொஞ்சம் கூடவோ இழுக்கும். அறை குளிர்ந்த பிறகு விட்டு விட்டு ஓடும். சாதாரண வகை ஏசியில் 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தப்பு. கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் மாறும். 16-ஐ எட்டவே முடியாத அறையில் அது இரவு முழுக்க நிற்காது. ஏசியோடு ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டு இரண்டு டிகிரி கூட்டி வைத்தால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, மீட்டருக்குத் தெரியும். தூசி படிந்த வடிகட்டியைக் கழுவினாலே ஓடும் நேரம் குறையும்.

மோட்டாரில் பார்க்க வேண்டியது தொட்டி நிரம்ப ஆகும் நேரம். முன்பு 20 நிமிடத்தில் நிரம்பியது இப்போது 40 நிமிடம் ஆகிறதென்றால் செலவும் ஏறக்குறைய இரட்டிப்பு. நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், இம்பெல்லர் (உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம், ஃபுட் வால்வு (குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது) பிடிக்காமல் இருக்கலாம். தானியங்கி மோட்டார் உள்ள வீட்டில் கழிப்பறை ஃபிளஷ் தொட்டி ஒழுகினால்கூட மோட்டார் அடிக்கடி ஓடும். தொட்டிக்குள் கொஞ்சம் நிறப்பொடி போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பீங்கானில் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். பெரும்பாலும் கீல் பக்கத்து மூலையில்தான் விட்டிருக்கும். ரப்பரில் அழுக்கு மட்டும் என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே போதும். பின்பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தால் சூடு வெளியேற வழியில்லை. கொஞ்சம் முன்னால் இழுத்து வையுங்கள். வீட்டில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் என்று தனியாக ஓடுகிறதா? அதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி பழசாகிவிட்டால் நிறைவதே இல்லை; ஓயாமல் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். தொட்டால் சுடும், தண்ணீர் சீக்கிரம் வற்றும். கரண்ட் போகாத நாளிலும் இப்படி இருந்தால், ஒரு நாள் இன்வெர்ட்டரின் சார்ஜ் லைனை நிறுத்தி அன்றைய யூனிட்டை முந்தைய நாளோடு ஒப்பிடுங்கள்.

செருகியே இருக்கும் சின்னக் கருவிகளில் செட்டாப் பாக்ஸைக் கவனியுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் ஏறக்குறைய அதே அளவு இழுக்கும். 10 வாட் என்றாலே ஆண்டு முழுக்க 87 யூனிட்டுக்கு மேல். சுவர் ஸ்விட்சில் அணைத்தால்தான் நிற்கும். மீன் தொட்டி ஹீட்டரும் இந்த வகைதான், சத்தமே போடாது. போன் சார்ஜர்? ஒரு யூனிட்டில் போனைச் சுமார் 40 தடவை சார்ஜ் செய்யலாம். அதற்காகப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

படி 6: எதை மாற்றினால் லாபம்?

ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. மிச்சமாகும் யூனிட்டின் மதிப்பு உங்கள் சராசரி விலை அல்ல, நீங்கள் தொட்டிருக்கும் மேல் ஸ்லாப்பின் விலை. குறையும்போது முதலில் குறைவது அந்த விலை உயர்ந்த யூனிட்டுகள்தான். அதனால் எல்லைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் வீட்டில் சின்ன மிச்சம்கூடப் பெரிய தொகையாகத் தெரியும். எல்லைக்கு வெகு கீழே இருப்பவர் புதுக் கருவி வாங்கி எடுக்கும் மிச்சம், போட்ட பணத்தைத் திருப்ப ரொம்ப வருடம் ஆகலாம்.

கணக்கு இப்படி: சாதாரண ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட். வித்தியாசம் 45 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஃபேன் என்றால் ஆண்டுக்கு 197 யூனிட் மிச்சம். அதை உங்கள் மேல் ஸ்லாப் விலையால் பெருக்கி, ஃபேன் விலையோடு ஒப்பிடுங்கள். அதே ஃபேனை நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஓடும் அறையில் மாட்டினால் மிச்சம் 16 யூனிட்தான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், அதிக நேரம் ஓடுவதை மட்டும் முதலில் மாற்றுங்கள். பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் அதையும். அது ஃபேனை மெதுவாக்கும்போது மீதியைச் சூடாக எரித்துவிடும். மின்னணு ரெகுலேட்டர் அப்படிச் செய்யாது. குண்டு பல்பு எங்கேயாவது மிச்சம் இருந்தால் யோசிக்காமல் எல்இடி போடலாம்: 60 வாட் வேலையை 9 வாட் செய்யும்.

பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சின்ன விளக்கும்தான். வீட்டு மீட்டர் கணக்கிடுவது கிலோவாட் மணியை. கெப்பாசிட்டர் அதைக் குறைக்காது. பில்லைக் கண்டு பயந்துபோன எளிய மனிதர்களைக் குறிவைத்து இதை விற்கிறார்கள். உங்கள் வீட்டில் ஏற்கனவே ஒன்று இருந்தால் படி 4-இல் சொன்ன மினுக்கல் கணக்கை அதைச் செருகியும் பிடுங்கியும் எடுத்து, அக்கம்பக்கத்தாரிடம் காட்டுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் ரீடிங் எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

படி 7: தவறு மீட்டரிலோ பில்லிலோ இருந்தால்

படி 5-இல் போட்ட பட்டியலின் மொத்தமும் மீட்டர் காட்டுவதும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மீட்டர் சரி. சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மீட்டர் தொடர்ந்து வெகுவாகக் கூடுதலாகக் காட்டினால், வாட் தெரிந்த ஒரு கருவியை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தொட்டியில் பச்சைத் தண்ணீர் இருக்கும்போது 2000 வாட் கீசரைச் சரியாக 15 நிமிடம் போடுங்கள். அரை யூனிட் ஏற வேண்டும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். முக்கால் யூனிட் ஏறினால் சோதனை கேட்க உங்களிடம் காரணம் இருக்கிறது.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் கொடுங்கள். இணைப்பு எண், மீட்டர் எண், எந்த பில் காலம், போன வருடம் ஒரு நாள் யூனிட் எவ்வளவு, இப்போது எவ்வளவு, மெயினை அணைத்து எடுத்த சோதனையின் தேதியும் ரீடிங்கும், போட்டோக்களின் பிரதி. கோரிக்கையைத் தெளிவாக எழுதுங்கள்: பில்லைத் திருத்த வேண்டுமா, மீட்டரைச் சோதிக்க வேண்டுமா, பக்கத்தில் இன்னொரு சோதனை மீட்டர் வைத்து ஒப்பிட வேண்டுமா? சோதனைக்குக் கட்டணம் இருக்கிறதா, மீட்டர் தப்பு என்று தெரிந்தால் பணம் எப்படித் திரும்பும் என்பதை மனு கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். புகார் நிலுவையில் இருக்கிறது என்று தவணைத் தேதியை விட்டுவிட்டால் தாமதக் கட்டணமும் இணைப்புத் துண்டிப்பும் வரலாம். புகார் முடியும்வரை எவ்வளவு கட்டினால் போதும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும், ஆன்லைன் என்றால் புகார் எண்ணும் இல்லாமல் திரும்ப வேண்டாம்.